8.6 என்ற எண்

நானூறு மாடுகள் இருக்கும் பால் பண்ணையை 1,600 மாடுகளாக்க மனு போட்டிருக்கிறார்கள் என்பது, ஆட்சேபம் தெரிவிக்கும் கடைசித் தேதிக்கு இருபத்தாறு நாள் இருக்கும்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. பண்ணை எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர். நடுவில் இருக்கிற எல்லா வீட்டுக்கும் குடிப்பது, குளிப்பது, தோட்டத்துக்குப் பாய்ச்சுவது எல்லாமே போர் தண்ணீர்தான்.

முதல் ஒரு வாரத்தை வீணாக்கினோம். அந்தப் பழியில் எனக்கும் பங்கு உண்டு. வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினோம், பேனர் எழுதினோம். கையெழுத்துத் தாள்களைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அலுவலகத்தில் இருந்தவர் மரியாதையாகத்தான் சொன்னார்: "கையெழுத்தை நாங்க எண்ணுறதில்லை. காரணம் என்னன்னுதான் பார்ப்போம்." அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது நினைத்தால், அந்த இருபத்தாறு நாளில் யாரும் சொன்னதில் உருப்படியான வார்த்தை அதுதான்.

அப்புறம்தான் பண்ணையின் அறிக்கையை எடுத்து உட்கார்ந்தேன். முந்நூற்றுச் சொச்சம் பக்கம். நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், பின்னாலிருந்து படித்தது. முன்பக்கங்களில் வேலைவாய்ப்பு, பசுமை வளையம் என்று படம் போட்டிருந்தார்கள். கணக்கு எல்லாம் இணைப்புகளில் இருந்தது.

முதலில் சாணிக் கணக்கு. கறவையில் இருக்கும் ஒரு பெரிய கலப்பினப் பசு சாணமும் மூத்திரமுமாக ஒரு நாளைக்கு அறுபது கிலோவுக்கு மேல் போடும். 1,600 மாட்டுக்குத் தினமும் தொண்ணூறு டன்னைத் தாண்டுகிறது. அதைக் குட்டையில் தேக்கி, குழம்பாக வயல்களில் அடிப்பதுதான் திட்டம். வயல் உறிஞ்சுகிற அளவுக்கு அடித்தால் அது எரு. அதற்கு மேல் போனால் மிச்ச நைட்ரஜன் நைட்ரேட்டாகி மழைத் தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். எவ்வளவு நிலம் வேண்டும் என்று பார்க்க, ஐரோப்பிய ஒன்றியம் 1991-ல் கொண்டுவந்த நைட்ரேட் விதியை அளவுகோலாக எடுத்துக்கொண்டேன். ஒரு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 170 கிலோ நைட்ரஜன், அதுதான் கால்நடை எருவுக்கு உச்சவரம்பு. இப்படிப்பட்ட ஒரு மாடு வருடத்துக்கு நூறு கிலோவுக்கு மேல் நைட்ரஜனை வெளியேற்றுகிறது. நூறு என்றே வைத்தாலும் 940 ஹெக்டேர் வேண்டும். அறிக்கையின் பட்டியலில் 520 காட்டியிருந்தார்கள். அதிலும் இரண்டு வயலின் சொந்தக்காரர்களைப் போய்க் கேட்டால், "நாங்க எப்போ சம்மதிச்சோம்?" என்றார்கள்.

இது பலமான வாதம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நிஜமாகவே எங்களைத் தூக்கி நிறுத்தியது வேறு.

தண்ணீரை நாங்களே அளக்கலாம் என்று தொடங்கினோம். "பண்ணை வந்த பிறகுதான் கெட்டது" என்று நாளைக்குச் சொல்ல வேண்டுமானால், இன்றைக்கு எப்படி இருந்தது என்பதற்கு ஒரு தாள் கையில் இருக்க வேண்டும். நீர்மட்டம் அளக்கக் கருவி வாங்கவில்லை. எஃகு டேப்பின் நுனியில் ஒரு மீட்டருக்கு நீலச் சாக்பீஸ் தேய்த்து, போர் வாயில் ஒரு குறி வைத்துக்கொண்டு இறக்குவோம். இழுத்துப் பார்த்தால் நனைந்த இடம் மட்டும் அடர் நீலமாக இருக்கும். இறக்கிய நீளத்தில் நனைந்த நீளத்தைக் கழித்தால் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். மோட்டாரை நிறுத்திச் சில மணி நேரமாவது கழித்துத்தான் அளக்க வேண்டும். அதனால் விடியற்காலை வேலை. ஒவ்வொரு போருக்கும் முன்னால் டேப்பைக் குளோரின் தண்ணீரில் துடைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஒரு வீட்டுக் கிருமியை அடுத்த வீட்டுக்கு நாமே கொண்டுபோய்விடுவோம். நான்காவது போரில் டேப் மோட்டார் வயரில் சிக்கிக்கொண்டது. அரை மணி நேரம் ஆட்டி இழுத்து மீட்டோம். வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பிறகு சாம்பிள். ஏழு போர்களில் எடுத்தோம். தொட்டியிலிருந்து எடுக்கக் கூடாது, மோட்டாரை ஓடவிட்டுக் குழாயில் தேங்கிய தண்ணீர் போன பிறகு, லேப் கொடுத்த பாட்டிலில் நேராகப் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே சேர்க்க வேண்டும். யார் எடுத்தார், எத்தனை மணிக்கு, யார் கையில் கொடுத்தார் என்று படிவத்தில் கையெழுத்தோடு இருக்க வேண்டும். அந்தப் படிவம் இல்லாத முடிவை எதிர்த்தரப்பு ஒரே கேள்வியில் தூக்கி எறிந்துவிடும்.

முடிவு வந்தது. இரண்டு போரில் நைட்ரேட் லிட்டருக்கு 54, 61 மில்லிகிராம். மற்றவை குறைவு. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு 50, இந்தியத் தர அளவு 45. நிறமோ ருசியோ இல்லாத சமாசாரம் இது. காய்ச்சினால் போகாது, தண்ணீர் ஆவியாவதால் செறிவு கூடத்தான் செய்யும். கைக்குழந்தைக்குப் புட்டிப்பால் கலக்கும் வீடுகளுக்குத்தான் முதல் ஆபத்து, இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே அது குறைத்துவிடும். அந்த இரண்டு வீட்டிலும் அன்று மாலையே போய்ச் சொன்னோம்.

ஆனால் பண்ணை தன் கிணற்றுக்கு 8.6 என்றுதான் காட்டியிருந்தது. பக்கத்துக் கட்டத்தில் வரம்பு 50. எங்களுக்கு 61, பண்ணைக்கு எப்படி 8.6? இரண்டு நாள் குழம்பினோம். எங்களோடு இருந்த ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் லேப் தாளின் நகலைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டுச் சிரித்தார். எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'நைட்ரஜனாக' என்று இருந்தது. நைட்ரேட்டை எழுத இரண்டு வழக்கம் உண்டு. முழு நைட்ரேட்டாக எழுதினால் வரம்பு 45, 50 என்று வரும். அதிலுள்ள நைட்ரஜனை மட்டும் எழுதினால் அமெரிக்கர்கள் வைத்திருக்கும் வரம்பு 10. மாற்றுவதற்கு 4.43 ஆல் பெருக்க வேண்டும். 8.6 என்பது 38. பட்டியலில் ஒரு வழக்கத்தின் எண்ணையும் மற்றதன் வரம்பையும் அடுத்தடுத்து வைத்திருந்தார்கள். வேண்டுமென்றே செய்தார்களா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ஆளுக்கு மூன்று நிமிடம். நாற்றம், ஈ, லாரி என்று பலர் பேசினார்கள். எல்லாம் நியாயம்தான். ஆனால் அதிகாரிகள் பேனாவை எடுக்கவில்லை. ஆசிரியர் எழுந்து 8.6-ஐப் பெருக்கிக் காட்டியதும், "இதோட நகல் இருக்கா?" என்று கேட்டார்கள். பண்ணையின் ஆலோசகர் லேசுப்பட்டவர் இல்லை. "உங்க வீட்டுச் செப்டிக் டேங்காலும், வயல் யூரியாவாலும் ஏறியிருக்கலாமே?" என்றார். ஏறியிருக்கலாம்தான், பண்ணைக்கு மேட்டுப்புறமாக இருந்த ஒரு போரில்கூட 41 வந்திருந்தது. நான் எழுந்து சொன்னது இவ்வளவுதான்: "யார் ஊத்தினதுங்கிறது அப்புறம். குடம் ஏற்கெனவே விளிம்புல நிக்குது. இன்னும் ஊத்தலாமான்னுதான் கேக்குறோம்." நிலத்தடியில் எவ்வளவு தண்ணீர் எடுக்கலாம் என்று பார்க்கப் பண்ணை செய்த பம்ப் சோதனையும் மழை முடிந்த கையோடு, நீர்மட்டம் உச்சத்தில் இருக்கும்போது, ஒரே ஒரு நாள் ஓட்டியது என்பதைத் தேதியோடு கொடுத்தோம்.

எழுத்து மூல ஆட்சேபத்தில், தடுத்துவிடுங்கள் என்பதோடு நிறுத்தாமல், கொடுத்தால் இன்னின்ன நிபந்தனையோடு கொடுங்கள் என்றும் எழுதினோம். எங்களுக்குள்ளேயே இதற்குச் சண்டை நடந்தது. சரணடைகிறோம் என்றார்கள் சிலர். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றம் 2021-ல், தண்ணீரைக் காக்க மாட்டு எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கவும் கண்காணிப்புக் கிணறு கேட்கவும் அரசுத் துறைக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்திருக்கிறது. அது இங்கே யாரையும் கட்டுப்படுத்தாது. எதைக் கேட்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரியாக வைத்துக்கொண்டோம்.

ஏழு மாதம் கழித்து உத்தரவு வந்தது. 1,600 இல்லை, 900. குட்டையிலிருந்து கீழே கசியாமல் இருக்க இரட்டை விரிப்பு, மூன்று கண்காணிப்புக் கிணறு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை, முடிவுகளை யார் கேட்டாலும் தர வேண்டும். வெற்றி என்று சிலர் இனிப்பு கொடுத்தார்கள். நான் வாங்கிக்கொண்டேன், ஆனால் நானூறு தொள்ளாயிரம் ஆகியிருக்கிறது என்பதும் மனதில் இருந்தது.

பண்ணைக்குத் தீவனம் போட்டுத்தரும் பக்கத்து வீட்டு அண்ணன் எட்டு மாதம் என்னோடு பேசவில்லை. அவர் வருமானத்தில் கைவைத்தேன் என்று கோபம். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. போன மாதம் அளக்கப் போனபோது அவரே வந்து டார்ச் பிடித்தார். ஒன்றும் பேசவில்லை, "எவ்வளவு?" என்று மட்டும் கேட்டார்.

17.4 மீட்டர். போன வருடம் இதே மாதம் 16.9.