25 பாகம் கயிறு

ஆடி மாசக் கச்சான் காத்துல (தென்மேற்குக் காத்து) தென்கடல் (மன்னார் வளைகுடா) எப்படி இருக்கும்னு மண்டபம், பாம்பன் பக்கத்து ஆளுங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. வடகடல் (பாக் விரிகுடா) குளம் மாதிரி கெடக்கும், தென்கடல் பொங்கிட்டு இருக்கும், வாடை (வடகிழக்குக் காத்து) வந்தா அப்படியே மாறிடும். அன்னிக்கு விடியக்காலைல காத்து அமந்திருந்துச்சுன்னு நம்பித்தான் அப்பா, சித்தப்பா, நான் மூணு பேரும் ஃபைபர் வள்ளத்துல போனோம், எனக்கு அப்ப 19 வயசு. எட்டு மணிக்கெல்லாம் காத்து ஏறிடுச்சு. வலைய இழுக்க ஆரம்பிச்சு பாதி கூட ஏறல, மனோலித் தீவுக்குத் தெக்க ஒரு வள்ளத்துல கம்புல சட்டைய கட்டி ஆட்டுறாங்க. சித்தப்பாதான் மொதல்ல பாத்தாரு.

அப்பா ஒண்ணும் யோசிக்கல. மிச்ச வலைய கொடி போட்டு அங்கயே விட்டுட்டு இன்ஜின ஸ்டார்ட் பண்ணிட்டாரு. கடல்ல யாராவது கைய தூக்குனா போய்த்தான் ஆகணும், அதுக்கு காசு கணக்கு பாக்குற பழக்கம் எங்க கரையில கிடையாது.

கிட்ட போனதும்தான் நிலைமை புரிஞ்சுது. மண்ணெண்ணெய்ல தண்ணி கலந்து அவங்க அவுட்போர்டு இன்ஜின் நின்னு போயிருக்கு. நங்கூரம் போட்டிருக்காங்க, ஆனா 4 பாகம் (ஒரு பாகம்னா ரெண்டு கையையும் விரிச்ச நீளம், ஏறக்குறைய ஆறு அடி) தண்ணில 10 பாகம் கயிறுதான் விட்டிருக்காங்க, இருந்ததே அவ்வளவுதான். கயிறு அப்படி செங்குத்தா நின்னா அலை தூக்குற ஒவ்வொரு தடவையும் நங்கூரத்தை மேல பிடுங்கி விட்டுடும், அஞ்சு மடங்கு கயிறாவது விட்டாத்தான் அது படுத்து மண்ண கடிக்கும். அதனால வள்ளம் நங்கூரத்தையும் இழுத்துக்கிட்டே தீவுப் பக்கம் போயிட்டு இருந்துச்சு. தீவச் சுத்தி பவளப்பார் (பவளப்பாறை) இருக்கு, மன்னார் வளைகுடாவுல இருக்குற 21 தீவுகளுக்கும் இதான் கதை. பார்ல அலை உடையுற வெள்ளை எங்களுக்கே நல்லா தெரியுது. ஃபைபர் அதுல ஒரு தடவை உக்காந்தா போதும், அடி கிழிஞ்சிடும்.

நான் நேரா போய் பக்கத்துல ஒட்டிடலாம்னு நெனச்சேன். அப்பா கத்துனாரு, "பக்கத்துல போவாதடா, ரெண்டும் மோதி ஒடையும்"னு. அந்த அலையில ஒண்ணு மேல ஏறும்போது இன்னொண்ணு கீழ இறங்கும், நடுவுல கை வச்சா கை போயிடும். அவரு காத்து வர்ற பக்கமா, அவங்களுக்கு வெளிய 20 பாகம் தள்ளி, எங்க அணியத்த (வள்ளத்தோட முன்பக்கம்) காத்துக்கு எதிரா வச்சு இன்ஜின மெதுவா ஓட்டி நிறுத்துனாரு. காலி மண்ணெண்ணெய் கேன்ல கயித்து நுனிய கட்டி தண்ணில போடச் சொன்னாரு. காத்தும் அலையும் அதை தானா அவங்ககிட்ட கொண்டு போய் சேத்துச்சு. எறிஞ்சிருந்தா பத்து தடவை எறிஞ்சாலும் போயிருக்காது. சித்தப்பா அந்த நேரம் முழுக்க கயித்த கையில தூக்கிப் பிடிச்சுக்கிட்டே நின்னாரு, ஏன்னா தொய்ஞ்ச கயிறு எங்க இன்ஜின் காத்தாடில (புரொப்பல்லர்) சுத்துச்சுன்னா அப்புறம் ரெண்டு வள்ளமும் பார்லதான்.

எங்க பக்கம் கயித்த ஒரே எடத்துல கட்டல. நடுவுல இன்ஜின் இருக்குல்ல, அதனால பின்பலகையோட ரெண்டு மூலையிலயும் கட்டி V மாதிரி கொண்டு வந்து நடுவுல இழுவைக் கயித்த முடிஞ்சோம். பலகை விளிம்புல கயிறு உரசுற எடத்துல பழைய சைக்கிள் ட்யூப்ப சுத்தச் சொன்னாரு அப்பா. அவங்க பக்கம் அணியத்துல கட்டிட்டு நங்கூரத்த ஏத்துனாங்க. "மாமா, ஆளும் வலையும் எல்லாம் பின்னாடி போங்க, இன்ஜின நேரா வச்சு கீழயே விடுங்க"ன்னு நான் கத்துனேன். முன்னாடி பாரம் இருந்தா அணியம் தண்ணிக்குள்ள குத்தும், வள்ளம் எடதும் வலதுமா அலையும். இன்ஜின் கீழ இருந்தா ஓடலன்னாலும் சுக்கான் மாதிரி வேலை செய்யும்.

இழுக்க ஆரம்பிச்சப்பதான் எனக்கு பயம் வந்துச்சு. மொதல்ல கயித்த சுருக்கி 12 பாகம்தான் விட்டிருந்தோம். நாங்க அலை மேல ஏறுறப்ப அவங்க பள்ளத்துல கெடக்காங்க, கயிறு தொய்ஞ்சு தண்ணிக்குள்ள போகுது, அடுத்த நொடி டம்முனு இறுகுது, இறுகும்போது கயித்துல இருந்த தண்ணி மொத்தமும் துணிய பிழிஞ்ச மாதிரி தூவானமா தெறிக்குது, எங்க பின்பலகை கிறீச்சுங்குது. கடல்ல கயிறு அறுந்து போறது பெரும்பாலும் இந்த வெட்டு இழுப்புலதான், பாரத்துல இல்ல. அப்பா கயித்த இன்னும் விடச் சொன்னாரு. விட்டு விட்டு 25 பாகம் ஆனப்ப ரெண்டு வள்ளமும் ஒரே நேரத்துல ஏறி ஒரே நேரத்துல இறங்க ஆரம்பிச்சுது. ஒரு அலை மேல நாங்க, பின்னாடி இன்னொரு அலை மேல அவங்க. வெட்டு நின்னு போச்சு. கயிறு நீளமா இருந்தா நடுவுல தொங்குற பாரமே ஸ்பிரிங் மாதிரி ஆயிடும், அதுலயும் நைலான் நல்லா நீண்டு குடுக்கும். ஆனா நீண்ட நைலான் அறுந்தா சாட்டை மாதிரி திரும்பி வரும், அதனால கயித்துக்கு நேரா யாரும் நிக்கக்கூடாது. சித்தப்பா ஓரமா குந்தி கையில கத்திய வச்சிருந்தாரு. கயிறு பக்கவாட்டுல இழுத்து எங்களையே கவுக்கப் பாத்தா ஒரே வெட்டு.

தெக்க பார்த்து வெளிய போய் பார்ல இருந்து விலகிட்டு கிழக்க திரும்புனோம். இப்ப அலை பின்னாடி இருந்து வருது, இது வேற தொல்லை. அவங்க வள்ளம் அலையில சறுக்கி எங்க மேலயே ஓடி வருது. அப்பா சைகை காட்ட, அவங்க ஒரு கத்தை பழைய கயித்தையும் ஒரு வாளியையும் பின்னாடி கட்டி தண்ணில விட்டாங்க, அது பிடிச்சு இழுத்ததுல வேகம் அடங்குச்சு. எங்க வேகம் நடக்குற வேகம்தான். தீவு மறைவுக்கு வந்து தண்ணி அமந்த பிறகுதான் கயித்த சுருக்குனோம், ஜெட்டிக்கு (படகுத்துறை) பக்கத்துல வந்ததும் ரெண்டு வள்ளத்துக்கும் நடுவுல டயர வச்சு பக்கவாட்டுல கட்டிக் கொண்டு போய் விட்டோம்.

இதுவே வடகடலா இருந்திருந்தா வேற பயம். கச்சான் காத்து வள்ளத்த கச்சத்தீவு பக்கம் தள்ளும், 1974ல இந்தியாவும் இலங்கையும் போட்ட எல்லைக்கோட்ட இன்ஜின் நின்ன வள்ளம் பாத்தா தாண்டும்? அதனால இன்ஜின் நின்ன உடனே 1554க்கு (கோஸ்ட் கார்டு), இல்ல 1093க்கு (கடலோரப் போலீஸ்) அடிங்க, சிக்னல் இருக்கும்போதே அடிங்க, பக்கத்து வள்ளம் வரும்னு மணிக்கணக்கா காத்திருக்காதீங்க. விஎச்எஃப் ரேடியோ இருந்தா 16ஆம் சேனல்ல கூப்பிடுங்க. நங்கூரக் கயிறு தண்ணி ஆழத்துக்கு அஞ்சு மடங்கு. இழுக்குறதுக்குன்னு தனியா 30 பாகம் நல்ல நைலான். இந்த ரெண்டு கயித்துக்கும் காசு பாக்காதீங்கன்னு கெஞ்சிக் கேட்டுக்கிறேன்.

அன்னிக்கு சாயங்காலம் அப்பா ஜெட்டில உக்காந்து அந்தக் கயித்த மொத்தமும் கைக்குள்ள ஓட்டிப் பாத்தாரு, ஒவ்வொரு பாகமா. எடது மூலைல உரசுன எடம் அப்படியே புதுசா இருந்துச்சு. வலது மூலைல மூணு புரியில ரெண்டு அறுந்து ஒண்ணுதான் மிச்சம். அந்த அவசரத்துல வலது பக்கம் நான் ட்யூப் சுத்தல. அப்பா அந்தத் துண்ட மட்டும் வெட்டி என் கையில குடுத்துட்டு எந்திரிச்சு வலைய எடுக்கப் போயிட்டாரு.