ஃப்ரீ பீரியட் பறிக்கிறவன்

இன்டர்ன்ஷிப் கடிதத்தில் ‘பள்ளியின் அன்றாடச் செயல்பாடுகளுக்கு உறுதுணையாக இருத்தல்’ என்று போட்டிருந்தது. கல்வி மேலாண்மை படிக்கிறவனுக்கு இந்த ஒரு வரி போதாதா? பாடத்திட்டம், தரவு ஆய்வு, ஆலோசனைக் கூட்டம் என்று மனக்கோட்டை கட்டிக்கொண்டு போனேன். அலுவலக அக்கா என் கையில் கொடுத்தது ஒரு நீள நோட்டையும், அதில் நூல் போட்டுக் கட்டியிருந்த பேனாவையும்.

“தம்பி, இதுதான் சப்ஸ்டிட்யூஷன் நோட்டு. பேனா பத்திரம். ஸ்டாஃப் ரூமுக்குள்ள போன பேனா திரும்பி வந்ததா சரித்திரமே இல்ல.”

ஓர் ஆசிரியர் லீவு போட்டால், அவருடைய வகுப்புகளை அந்தந்த நேரத்தில் ஃப்ரீயாக இருக்கும் மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. கேட்கச் சுலபமாக இருக்கிறதா? அறிவியல் மிஸ்ஸுக்கு மூன்றாவது பீரியட் காலி. ஆனால் முன்னாலும் பின்னாலும் வகுப்பு, நடுவிலும் போட்டால் தொண்டை போய்விடும். பி.டி. சாரைப் போடலாம், போட்டால் மொத்த வகுப்பும் மைதானத்துக்கு ஓடிவிடும், அடுத்த பீரியடுக்கு வேர்த்து விறுவிறுத்து வந்து உட்காருகிறார்கள் என்று வரலாற்று சார் சண்டைக்கு வருவார். பாட்டு மிஸ்ஸைப் போட்டால் பக்கத்து வகுப்பில் பரீட்சை. நேற்றுப் போனவரை இன்றும் போட்டால், அவர் நாளைக்கு லீவு.

இதில் ஒரு வேடிக்கை. எந்த ஆசிரியர் எப்போது ஃப்ரீ என்ற நிபந்தனைகளோடு கால அட்டவணை போடுவது கணினிக்கே முழி பிதுங்க வைக்கும் கணக்கு என்று 1976-லேயே ஆய்வுக் கட்டுரை எழுதி நிறுவியிருக்கிறார்கள். ஆசிரியர்களும் வகுப்புகளும் கூடக்கூட அது தாறுமாறாகப் பெருகும். எல்லா நிலையிலும் வேகமாக விடை தரும் வழி இன்றுவரை யார் கையிலும் இல்லை. அக்கா அந்தக் கட்டுரையைப் படித்ததில்லை. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, “ஜுரமா மிஸ்? ஐயோ, நல்லா ரெஸ்ட் எடுங்க” என்று சொல்லி முடிப்பதற்குள் பென்சிலால் நாள் முழுவதையும் நிரப்பிவிடுவார். பென்சிலுக்குக் காரணம் இருக்கிறது. முதல் மணி அடிப்பதற்குள் இன்னும் இரண்டு பேருக்கு ஜுரம் வரும்.

அதை எடுத்துக்கொண்டு போய்க் கையெழுத்து வாங்குவது என் வேலை. நோட்டின் முனை கதவில் தெரிந்ததுமே ஸ்டாஃப் ரூமில் ஒரு சுறுசுறுப்பு கிளம்பும் பாருங்கள்! அதுவரை அரட்டை அடித்துக்கொண்டிருந்தவர்கள் திருத்திய நோட்டையே எடுத்து மறுபடியும் திருத்துவார்கள். ஒருவர் காதில் போனை வைத்து “ம்... ம்...” என்பார், போன் மேஜையிலேயே சார்ஜில் கிடக்கும், காதில் இருப்பது கால்குலேட்டர். கணித சார் மட்டும் நேர்மையானவர். “தம்பி, உன்னைப் பார்த்தா நல்ல பையனாத்தான் தெரியுது. ஏன் இந்தத் தொழிலுக்கு வந்த?” என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுவார். கொஞ்ச நாளில் என் பெயரே மறந்துபோய் ‘ஃப்ரீ பீரியட் பறிக்கிறவன்’ ஆகிவிட்டேன்.

நோட்டு வேலை முடிந்தால் ‘காணாமல் போனவை’ பெட்டி. தண்ணீர் பாட்டில், மூடி, வேறு பாட்டிலின் மூடி, கண்ணாடிக் கூடு. இதெல்லாம் சரி. ஓர் ஒற்றை ஷூ இருந்தது. இடது கால். அந்தக் குழந்தை வீட்டுக்கு எப்படிப் போயிருக்கும்? வீட்டில் யாருமே கேட்கவில்லையா? வகுப்பு வகுப்பாகத் தூக்கிக் காட்டினேன். ஒரு வாண்டு மட்டும் கையைத் தூக்கினான். ஓடிப் போய் ஆவலாகக் கேட்டால், “சார், டாய்லெட் போகணும்.”

நோயாளி அறையிலும் அவ்வப்போது நிற்கச் சொல்வார்கள். ஒருநாள் ஒரு பையனுக்கு மூக்கில் ரத்தம். விதிப்படி துணைக்கு ஒருவர்தான் வரலாம். இவனுக்கு மூவர் வந்தார்கள். அந்த மூவரில் ஒருவனுக்கு ரத்தத்தைப் பார்த்ததும் தலை சுற்ற, அவனுக்குத் துணையாக வகுப்புத் தலைவி வந்தாள். ஐந்து பேருக்கும் சேர்த்து வகுப்பில் அப்போது நடந்துகொண்டிருந்தது வாய்ப்பாடு. தலையை அண்ணாந்து பார்த்தபடி வந்தவனை நர்ஸ் அக்கா முன்பக்கம் குனிய வைத்தார். அண்ணாந்தால் ரத்தம் தொண்டைக்குள் இறங்கி வாந்தி வருமாம். மூக்கின் மிருதுவான பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் பிடித்துக்கொள், வாயால் மூச்சு விடு என்றார். அரை நிமிடத்துக்கு ஒருமுறை “ஆச்சா?” என்று மூக்கடைத்த குரல். பத்து நிமிடம் ஆனது, ரத்தமும் நின்றது. வாய்ப்பாடு முடியவில்லை என்று தெரிந்ததும் துணைக்கு வந்தவன், “இன்னொரு பத்து நிமிஷம் பிடிச்சா நல்லது இல்லையா அக்கா?” என்றான். பிடித்துக்கொள்ள வேண்டியவன் அவனல்ல என்பதைக் கவனிக்கவும்.

எல்லாவற்றுக்கும் மேலே தீ ஒத்திகை. மணி விடாமல் அடித்தால் பையை எடுக்காமல், ஓடாமல், வரிசையாக மைதானத்துக்கு வர வேண்டும். வகுப்பு ஆசிரியர் வருகைப் பதிவேட்டோடு வந்து தலை எண்ணிச் சொல்வார், நான் படிவத்தில் குறிப்பேன். எல்லா வகுப்பும் சரியாக வந்தது. நான்காம் வகுப்பு ‘அ’ பிரிவில் மட்டும் ஒரு தலை குறைந்தது. மிஸ்ஸுக்கு முகம் வெளிறிவிட்டது. பி.டி. சார் கழிப்பறைப் பக்கம் ஓட, நான் நூலகத்துக்கு ஓட, ஒத்திகை நிஜ விபத்து மாதிரியே ஆகிவிட்டது. நான் மூச்சு வாங்கத் திரும்பி வரும்போது மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து ‘ஆ’ பிரிவு மிஸ் நிதானமாகக் கத்தினார்: “எனக்கு ஒண்ணு ஜாஸ்தியா வருது!”

ஜாஸ்தியாக வந்தவனைத் தலைமை ஆசிரியை முன்னால் நிறுத்தினோம். ஏன் வேறு வகுப்பு வரிசையில் நின்றாய்?

“அவங்க லைன்ல நிழல் இருக்கு மிஸ்.”

யாரோ சிரித்தார்கள். தலைமை ஆசிரியை சிரிக்கவில்லை. அந்த நிழலையே பார்த்துக்கொண்டிருந்தார். மைதானத்தில் மரம் கிடையாது. அது பள்ளிக் கட்டடத்தின் நிழல். தீப்பிடித்தால் எதைவிட்டுத் தள்ளி நிற்க வேண்டுமோ, அதன் காலடியிலேயே ஒரு வகுப்பு முழுவதும் சுகமாக நின்றிருக்கிறது. பெரியவர்கள் அத்தனை பேர் இருந்தோம், ஒருவர் கண்ணிலும் படவில்லை.

படிவத்தின் கடைசியில் ‘குறைபாடு’, ‘கண்டறிந்தவர்’ என்று இரண்டு கட்டங்கள். முதல் கட்டத்தை நிரப்பிவிட்டு இரண்டாவதில் என் பெயரை எழுதப் போனேன். தலைமை ஆசிரியை கையைக் காட்டி நிறுத்திவிட்டு அந்தப் பையனிடம் பெயர் கேட்டார். இனிஷியலோடு சொன்னான்.