சேமிக்க முடியாதவற்றின் கணக்கு

ஏப்ரல் 9, 2025, புதன்

எட்டு மணிக்கு வரச் சொல்லிவிட்டு ஒன்பதரைக்குத்தான் அண்ணனுக்குப் பெட் (PET) ஸ்கேனுக்கான ஊசியைப் போட்டார்கள். மருந்து ஏற்றிவந்த வண்டி தாமதமாகிவிட்டதாம். வேறு மருந்தென்றால் அது ஒரு பொருட்டல்ல. இந்த மருந்துக்குத் தாமதம்தான் எல்லாம். அதிலுள்ள ஃபுளோரின்-18 என்ற கதிரியக்க ஐசோடோப்பின் அரை ஆயுள், அதாவது அதில் பாதி தேய்ந்துபோக ஆகும் நேரம், 110 நிமிடங்கள். சைக்ளோட்ரான் என்ற துகள்முடுக்கியில் உருவாகி, குளுக்கோஸைப் போன்ற ஒரு மூலக்கூறில் பிணைக்கப்பட்டு, ஈயப் பெட்டிக்குள் புறப்படும்போதே அது தேயத் தொடங்கிவிடுகிறது. ஒன்றரை மணிநேரத்தில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் போய்விடும். ஆகவே தயாரிப்பவர்கள் வழியில் இழக்கப்போவதையும் கணக்கிட்டுக் கூடுதலாகவே தயாரிக்கிறார்கள், அந்த இழப்புக்கும் சேர்த்தே நம்மிடம் கட்டணம் வாங்குகிறார்கள். பொருளுக்கு விலை கொடுப்பதாக நினைத்துக்கொண்டு நேரத்துக்கு விலை கொடுக்கிறோம்.

ஊசிக்குப் பிறகு ஏறத்தாழ ஒரு மணிநேரம் அசையாமலும் பேசாமலும் இருக்க வேண்டும். அசையாமல் இருப்பது அண்ணனுக்குக் கடினமல்ல.

வெளியே உட்கார்ந்திருந்த நேரம் முழுவதும் மின்சாரத்தைப் பற்றியே யோசித்தேன். அது இந்த மருந்தைவிடவும் அவசரமான சரக்கு. அதற்கு அரை ஆயுள் என்ற சலுகைகூடக் கிடையாது. மின்நிலையத்தில் உற்பத்தியாகும் கணத்திலேயே எங்கோ ஒருவர் அதைச் செலவழித்தாக வேண்டும். ஆற்றலைப் பற்றி நடக்கும் விவாதங்களில் பெரும்பாலானவை இந்த ஒன்றை மறந்துவிட்டே நடக்கின்றன என்பது என் நெடுநாள் குறை.

ஏப்ரல் 10, வியாழன்

பன்னாட்டு ஆற்றல் முகமை செயற்கை நுண்ணறிவையும் மின்தேவையையும் பற்றிய அறிக்கையை இன்று வெளியிட்டிருக்கிறது. உலகத் தரவு மையங்கள் 2024-இல் ஏறத்தாழ 41,500 கோடி யூனிட் செலவழித்தன, அது உலக மின்நுகர்வில் சுமார் 1.5 விழுக்காடு, 2030-இல் அது 94,500 கோடியாகலாம் என்கிறார்கள். எல்லோரும் அந்த இரண்டாவது எண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். ஆண்டு முழுவதற்குமான கூட்டுத்தொகையால் எனக்குப் பெரிதாக ஒன்றும் விளங்குவதில்லை. அந்த யூனிட்கள் எந்த மணிநேரத்தில் கேட்கப்படும் என்பதுதான் கேள்வி. நண்பகலில் கேட்டால் அவற்றில் பெரும்பங்கைச் சூரியத் தகடுகளே கொடுத்துவிடும். சூரியன் மறைந்த பின் வரும் மணிகளில் கேட்டால் எரிவாயுவையோ நிலக்கரியையோ எரிக்க வேண்டும். ஒரு செயற்கை நுண்ணறிவு மாதிரியைப் பயிற்றுவிக்கும் வேலையைச் சில மணிநேரம் தள்ளிவைக்க முடியும். ஆனால் அத்தனை விலை கொடுத்து வாங்கிய சில்லுகளைச் சும்மா வைத்திருக்க எந்த முதலாளிக்கும் மனம் வராது.

சில்லுகளின் திறன் கூடக்கூட மின்செலவு குறைந்துவிடும் என்று ஆறுதல் சொல்பவர்கள் ஆங்கிலேயப் பொருளியலாளர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் 1865-இல் நிலக்கரியைப் பற்றி எழுதியதை ஒருமுறை படிக்கலாம். வாட்டின் நீராவி எந்திரம் குறைந்த கரியில் அதே வேலையைச் செய்தது; அதனாலேயே எந்திரங்கள் பெருகின, கரியின் மொத்தச் செலவும் பெருகியது. சிக்கனம் விலையைக் குறைக்கிறது, குறைந்த விலை புதிய பயன்களை அழைத்து வருகிறது. இது எப்போதும் நடக்கும் என்று சொல்லமாட்டேன். விளக்குகளையும் குளிர்பதனப் பெட்டிகளையும் பொறுத்தவரை மனிதருக்குப் போதும் என்ற ஓர் எல்லை உண்டு. கணினிக்கு அந்த எல்லை இன்னும் கண்ணில் படவில்லை.

ஏப்ரல் 12, சனி

அண்ணன் இன்று தெம்பாக இருந்தார், ஆகவே சண்டை. சூரியனில் நடப்பதைப் போல இலேசான அணுக்கருக்களை இணைத்து ஆற்றல் பெறும் அணுக்கரு இணைவின் மேல் அவருக்குப் பக்தி. 2022 டிசம்பர் 5 அன்று கலிபோர்னியாவின் தேசியப் பற்றவைப்பு நிலையத்தில் 2.05 மெகாஜூல் லேசர் ஒளியைச் செலுத்தி 3.15 மெகாஜூல் ஆற்றலைப் பெற்றார்கள் என்பதை அவர் மனப்பாடமாகச் சொல்வார். ஒரு யூனிட் மின்சாரம் என்பதே 3.6 மெகாஜூல், அவர்கள் பெற்றது ஒரு யூனிட்டுக்கும் குறைவு, அந்த லேசர்களை இயக்க மின்கட்டமைப்பிலிருந்து எடுத்துக்கொண்டதோ ஏறத்தாழ 300 மெகாஜூல் என்று நான் சொன்னேன். "கொள்கை நிரூபணமாகிவிட்டது, மீதி வெறும் பொறியியல்தானே?" என்றார். அந்த 'வெறும்' என்ற சொல்லுக்காகவே அவரோடு இன்னொரு மணிநேரம் வாதாடியிருப்பேன், செவிலியர் வந்துவிட்டார்.

சொல்ல விட்டுப்போனதை இங்கே எழுதிவைக்கிறேன். இணைவு உலையின் எரிபொருள் கடலளவு கிடைக்கிறது என்பது வாதமே அல்ல. இன்றைய அணுமின் நிலையத்திலேயே எரிபொருள் மொத்தச் செலவில் சிறு பங்குதான். கட்டுமானத்துக்கும் கடனுக்கான வட்டிக்கும்தான் பணம் போகிறது. இணைவு உலை அதைவிடச் சிக்கலானதாகவே இருக்கும். வட்டியைக் கட்ட வேண்டுமென்றால் அது இரவுபகலாக ஓடியாக வேண்டும். அப்படி ஓடும்போது ஒவ்வொரு நண்பகலிலும் ஏறக்குறைய இலவசமாக வந்து குவியும் சூரிய மின்சாரத்தோடு அது எந்த விலையில் போட்டியிடும்?

ஏப்ரல் 15, செவ்வாய்

முடிவு வரவில்லை.

ஏப்ரல் 18, வெள்ளி

தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். ஒரு டன் நீரை நூறு மீட்டர் உயரத்துக்கு ஏற்றினால் அதில் தங்கும் ஆற்றல் 0.27 யூனிட். ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதோ சுமார் 34 மெகாஜூல், அதாவது ஒன்பது யூனிட்டுக்குச் சற்று மேல். அந்த ஒரு லிட்டருக்கு ஈடாக ஏறத்தாழ 35 டன் நீரை நூறு மீட்டர் ஏற்றிவைக்க வேண்டும். எந்திரம் அந்தப் பெட்ரோலில் கால் பங்கையோ மூன்றில் ஒரு பங்கையோதான் வேலையாக மாற்றும் என்று கழித்துவிட்டாலும் மலைப்புக் குறையவில்லை. நிலக்கரியும் எண்ணெயும் உலகை வென்றது அவை எரிவதால் மட்டுமல்ல. எரிக்கும் வரை அவை பொறுமையாகக் கிடக்கும் என்பதாலும்தான். குவித்துவைத்த கரி அடுத்த மாதமும் அங்கேயே இருக்கும். இருநூறு ஆண்டுகளாக நாம் ஆற்றலையும் சேமிப்பையும் ஒரே பொட்டலமாக வாங்கிப் பழகிவிட்டோம். இப்போது சூரியனிடமும் காற்றிடமும் ஆற்றலைத் தனியாக வாங்கத் தொடங்கியதும் சேமிப்புக்குத் தனி விலைச்சீட்டு வருகிறது, அதைப் பார்த்து ஏமாற்றப்பட்டவர்களைப் போலக் கத்துகிறோம்.

பேட்டரியின் விலை 2010-க்குப் பிறகு ஏறத்தாழ தொண்ணூறு விழுக்காடு குறைந்துவிட்டது. 1991-இல் சோனி முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம்-அயான் பேட்டரி கேமராக்களுக்கும் கைக்கருவிகளுக்கும் பயன்பட்டது. அதே குடும்பத்தைச் சேர்ந்தவை இன்று நகரங்களின் மாலைநேரத் தேவையைத் தாங்குகின்றன. இந்தப் பேட்டரியை உருவாக்கியதற்காக 2019-இல் குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் நோபல் கொடுத்தபோது குட்எனஃபுக்கு வயது 97. அவர் அளவுக்கு நீண்டு வாழ்ந்தால்தான் சில ஆய்வுகளின் பயனைக் கண்ணால் பார்க்க முடியும் போலிருக்கிறது.

ஆனாலும் விலை குறைந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களோடு நான் ஒரு புள்ளியில் பிரிகிறேன். பேட்டரியின் செலவை அது எத்தனை முறை நிரம்பி வடிகிறது என்பதால் வகுத்துப் பார்க்க வேண்டும். நாள்தோறும் நண்பகலில் நிரம்பி இரவில் வடியும் பேட்டரி ஆண்டுக்கு 365 முறை சம்பாதிக்கிறது. கோடையில் நிரப்பிக் குளிர்காலத்துக்கென்று வைத்திருக்கும் பேட்டரி ஒரே ஒரு முறை சம்பாதிக்கிறது. அதிலிருந்து வரும் யூனிட்டின் சேமிப்புச் செலவு 365 மடங்கு. எத்தனை விலைச் சரிவு வந்தாலும் இந்த வகுத்தலை வெல்ல முடியாது. இரவைக் கடக்கப் பேட்டரி போதும்; பருவத்தைக் கடக்க நீர்த்தேக்கமோ, நீண்ட மின்பாதையோ, வேறேதாவது ஒரு வேதிப்பொருளோ வேண்டும். இரண்டையும் ஒரே 'சேமிப்பு' என்று பேசும் கட்டுரையை நான் பாதியிலேயே மூடிவிடுகிறேன்.

ஏப்ரல் 21, திங்கள்

வியாழக்கிழமை என்கிறார்கள். முன்பும் ஒரு வியாழக்கிழமை சொன்னார்கள்.

பக்கத்து இருக்கைக்காரருக்கு டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளை வைத்து எடுக்கும் படம். அதன் அரை ஆயுள் 6 மணிநேரம். அதை ஈன்றுகொண்டே இருக்கும் மாலிப்டினம்-99-இன் அரை ஆயுள் 66 மணிநேரம். ஆகவே மருத்துவமனைகள் தாயை வாங்கிவைத்துக்கொண்டு சேயை வேண்டும்போது பிரித்தெடுக்கின்றன. சேமிக்க முடியாததைச் சேமிக்கும் முறை எங்கும் இதுதான்: அதற்கு முந்தைய நிலையைப் பிடித்து வை. நீர்த்தேக்கம் செய்வதும் அதையேதான்.

ஏப்ரல் 24, வியாழன்

தெளிவாக எதுவும் சொல்லவில்லை. எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்கலாம் என்றார்கள். 'பார்க்கலாம்' என்பதற்கு என்ன பொருள் என்று யாரிடம் கேட்பது?

அந்தக் கருவியின் காந்தச் சுருள் திரவ ஹீலியத்தில், மைனஸ் 269 டிகிரியில் கிடக்கிறது. டச்சு இயற்பியலாளர் காமர்லிங் ஓன்ஸ் 1908-இல் ஹீலியத்தைத் திரவமாக்கினார். 1911-இல் அந்தக் குளிரில் பாதரசத்தின் மின்தடை மறைந்துபோவதைக் கண்டார். அதனால்தான் அந்தச் சுருளில் ஒருமுறை செலுத்திய மின்னோட்டம் ஆண்டுக்கணக்கில் தானாகவே சுற்றிக்கொண்டிருக்கிறது. மின்சாரம் மின்சாரமாகவே காத்திருக்கும் அரிய இடம். தங்கும் ஆற்றலோ ஏறத்தாழ ஒரு யூனிட் அளவுதான், குளிரூட்டும் செலவு தனி. அண்ணனிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருளில். நண்பகல் 12:33-க்கு ஐந்தே விநாடிகளில் 15 ஜிகாவாட் காணாமல் போனதாம், ஸ்பெயினின் அப்போதைய தேவையில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு. மருத்துவமனைகள் ஜெனரேட்டரில் ஓடுகின்றன. இரவு முழுவதும் செய்தியைப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

காலைக்குள் ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிட்டது. பிரான்சிலிருந்தும் மொராக்கோவிலிருந்தும் மின்சாரம் வாங்கி, நீர்மின் நிலையங்களை முதலில் எழுப்பி, பகுதி பகுதியாகக் கட்டமைப்பைக் கூட்டியிருக்கிறார்கள். இந்த வேலையைச் செய்தவர்களைப் பற்றி எவரும் இரண்டு வரி எழுதவில்லை.

எழுதுவதெல்லாம் தீர்ப்பு. காரணம் இன்னும் வெளியாகவில்லை, அதற்குள் ஒரு கூட்டம் சூரியத் தகடுகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டது, இன்னொரு கூட்டம் அவற்றுக்கு நற்சான்று கொடுத்துவிட்டது. நீராவியாலும் நீராலும் சுழலும் டர்பைன்களின் கனத்த உடல், தேவைக்கும் உற்பத்திக்கும் இடையே திடீர் ஏற்றத்தாழ்வு வரும்போது சில விநாடிகள் தாங்கிப் பிடிக்கிறது, மின்னோட்டத்தின் அலைவெண்ணைச் சட்டென்று சரியவிடுவதில்லை. சூரியத் தகடுகளின் நேர்மின்னோட்டத்தை மாறுமின்னோட்டமாக்கும் இன்வெர்ட்டர்களுக்கு அந்தக் கனம் இயல்பாக இல்லை, அதைக் கட்டுப்பாட்டு முறையால் கொடுக்க வேண்டும். இது உண்மை. ஆனால் 2003 ஆகஸ்டில் வட அமெரிக்காவில் ஐந்து கோடிப் பேர் இருளில் மூழ்கியபோதும், 2012 ஜூலையில் இந்தியாவில் அறுபது கோடிப் பேர் வாழும் பகுதிகள் மின்சாரம் இழந்தபோதும் கனத்த டர்பைன்களுக்குக் குறைவே இல்லை. கட்டமைப்பு விழும்போது ஒன்று போய் அடுத்தது, அது போய் இன்னொன்று என்று பாதுகாப்புக் கருவிகள் தங்களைக் காத்துக்கொள்ளவே துண்டித்துக்கொள்கின்றன. தனித்தனியாக ஒவ்வொன்றும் சரியாகவே நடந்துகொண்டு எல்லாமாகச் சேர்ந்து விழுகின்றன.

எனக்கு இதில் உறுத்துவது பொருளாதாரம். எதுவும் நடக்காத நாட்களில் சும்மா இருப்பதற்காகவே சில எந்திரங்களுக்குப் பணம் கொடுக்க வேண்டும். அந்தச் செலவு ஒவ்வொரு தணிக்கையிலும் வீண் என்றே தெரியும். வெட்டச் சொல்பவர் கெட்டிக்காரராகத் தெரிவார். விற்ற யூனிட்டுக்கு மட்டும் பணம் தரும் சந்தை, விற்காமல் காத்திருந்த யூனிட்டுக்கு என்ன தருவது என்று இன்னும் ஒழுங்காகக் கற்றுக்கொள்ளவில்லை.

மே 2, வெள்ளி

எம்ஆர்ஐ ஒத்திவைப்பு. காரணம் சொல்லப்படவில்லை.

மே 4, ஞாயிறு

அண்ணன் சிரித்தார், பல நாட்களுக்குப் பிறகு. ஜெர்மனியின் மின்சந்தையில் 2024-இல் 450 மணிநேரத்துக்கு மேல் விலை பூஜ்யத்துக்கும் கீழே போனது என்று சொன்னேன். "மின்சாரம் வாங்கினால் காசு கொடுக்கிறார்களா? என்னையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடு, நாள் முழுக்க இந்தக் கருவிகளில் படுத்துக்கிடக்கிறேன்" என்றார். நிறுத்தி மறுபடி இயக்குவது செலவு என்பதால் சில நிலையங்கள் கைக்காசைக் கொடுத்தாவது ஓடுகின்றன, உறுதியளிக்கப்பட்ட கட்டணம் பெறும் காற்றாலைகளுக்கோ நிற்க வேண்டிய அவசியமே இல்லை என்று விளக்கினேன்.

இதைச் சந்தையின் தோல்வி என்று எழுதுகிறார்கள். என் பார்வையில் சந்தை இங்கேதான் வெளிப்படையாகப் பேசுகிறது: இந்த மணியில் வாங்கி அந்த மணியில் விற்க ஆள் வேண்டும் என்கிறது. சிக்கல் அதற்கு அடுத்த கட்டத்தில் இருக்கிறது. பேட்டரிக்காரர்கள் கூட்டமாக வந்தால் நண்பகல் விலை ஏறும், இரவு விலை இறங்கும், இடைவெளி சுருங்கும், அந்த இடைவெளியை நம்பி வந்தவர்களின் வருமானமும் சுருங்கும். தன் வெற்றியாலேயே இலாபத்தை இழக்கும் தொழில் இது. கடைசியாக வேண்டிய அந்தச் சில பேட்டரிகளை யார் வைப்பார்கள்? இதற்கு நல்ல பதில் சொன்ன பொருளியலாளர் எவரையும் நான் இன்னும் படிக்கவில்லை.

மே 7, புதன்

நாளை ஏழு மணிக்கு. வெறும் வயிற்றில் வரவேண்டும்.

மாலையில் அண்ணனோடு சோடியம்-அயான் பேட்டரி பற்றிப் பேச்சு. எடை கூடுதல், ஆனால் ஒரே இடத்தில் நிற்கும் சேமிப்புக்கு எடை ஒரு குறையல்ல, சோடியத்துக்குப் பஞ்சமும் இல்லை. இப்போதைக்கு லித்தியமே போதுமான அளவு மலிவாக இருப்பதால் பொறுத்திருந்து வாங்கலாம் என்றேன். அண்ணன் மடக்கிவிட்டார். விமானப் பொறியாளர் தியோடர் ரைட் 1936-இல் காட்டியபடி உற்பத்தி இரட்டிப்பாகும்போதெல்லாம் செலவு ஒரே விகிதத்தில் குறைகிறது. சூரியத் தகடுகள் ஒவ்வோர் இரட்டிப்புக்கும் ஏறத்தாழ இருபது விழுக்காடு மலிந்தன. ஆனால் முதல் இரட்டிப்புகளுக்கு யாரோ ஒருவர் அதிக விலை கொடுத்து வாங்கியிருக்க வேண்டுமே என்றார். "எல்லோரும் உன்னைப் போலப் பொறுத்திருந்தால் விலை எப்படிக் குறையும்?" நான் சொல்ல நினைத்த பதில், அப்படி முன்கூட்டி வாங்குபவர் தனிமனிதராக இருக்க வேண்டிய தேவையில்லை, அரசுகள் அதைச் செய்யலாம், செய்தும் இருக்கின்றன, ஆனால் எந்த வேதியியலின் மேல் பந்தயம் வைப்பது என்பதை அவை தேர்ந்தெடுக்கும் முறையில்தான் எனக்கு நம்பிக்கை இல்லை. நாளை உள்ளே அழைப்பதற்கு முன் இதை அவரிடம் சொல்லிவிட வேண்டும்.