மாமா என்றால் எந்த மாமா?

குழந்தைத் தொழிலாளர் ஆய்வுக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பதில் மனப்பாடம்: "நம்ம பையன்தான் சார். மாமா கடை. லீவுக்கு வந்தவன் கூடமாட ஒத்தாசையா நிக்கிறான்." பொய்யாக இருக்கலாம், மெய்யாகவும் இருக்கலாம். 2016-ல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, அது மெய்யாக இருந்துவிட்டால் பாதி வழக்கு கரைந்துவிடுகிறது.

அந்தத் திருத்தத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே "தளர்த்திவிட்டார்கள்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அது முழுக்கச் சரியில்லை. 1986-ம் ஆண்டுச் சட்டம் பட்டியலில் இருந்த தொழில்களில்தான் 14 வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைக்கக்கூடாது என்றது. 2016 திருத்தம் எல்லாத் தொழிலுக்கும் அந்தத் தடையை விரித்தது. 14 முதல் 18 வயது வரை உள்ள வளரிளம் பருவத்தினரை அபாயத் தொழிலில் வைப்பதையும் குற்றமாக்கியது. இதுவரை இறுக்கம். அதே சமயம் 83 இனங்கள் கொண்ட அபாயப் பட்டியல் மூன்றாகச் சுருங்கியது: சுரங்கம், தீப்பற்றும் பொருள் அல்லது வெடிபொருள், தொழிற்சாலைகள் சட்டம் குறிப்பிடும் அபாயகரச் செயல்முறை. மறு ஆண்டு ஆகஸ்டில் அறிவிக்கை போட்டுப் பட்டியலை மீண்டும் நீட்டினார்கள், குடும்பத் தொழிலில்கூடக் குழந்தையை விடக்கூடாத வேலைகளைத் தனிப் பகுதியாகச் சேர்த்தார்கள். மேடையில் இன்னும் "மூன்றுதான்" என்றே பேச்சு ஓடுகிறது.

குடும்பத் தொழிலில் மட்டும் குழந்தை கைகொடுக்கலாம் என்ற விலக்கும் புதிதல்ல, 1986-லேயே இருந்தது. அன்று பட்டறைக்காரரின் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தார் என்று கணக்கு. இன்று குழந்தையிலிருந்து எண்ண வேண்டும்: தாய், தந்தை, உடன்பிறந்தவர்கள், தந்தையின் சகோதர சகோதரிகள், தாயின் சகோதர சகோதரிகள். இங்கேதான் தமிழ் காலை வாரும். அம்மாவின் தம்பியும் மாமா, அத்தை வீட்டுக்காரரும் மாமா. முன்னவர் சட்டப்படி குடும்பம், பின்னவர் இல்லை. கடை அத்தை பெயரில் இருந்தால் கதை மாறும், அத்தையின் கணவர் பெயரில் இருந்தால் மாறாது. வாக்குமூலத்தில் "மாமா" என்று எழுதிக் கையெழுத்து வாங்கி வந்தால், நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு வேலையே இல்லை. "தாயின் உடன்பிறந்த சகோதரரா, தந்தையின் சகோதரியின் கணவரா" என்று அங்கேயே கேட்டு அப்படியே எழுத வேண்டும். குடும்ப அட்டை இதற்கு உதவாது, தாய்மாமன் பெயர் அதில் இருக்காது. தாயின் பள்ளி மாற்றுச் சான்றிதழையும் அந்த மனிதருடையதையும் பக்கத்தில் வைத்து, தந்தை பெயர் ஒன்றா என்று பார்ப்பதே குறுக்கு வழி.

2017 விதிகளை மட்டும் படித்தால் விலக்கில் என்ன மிச்சம் என்று தோன்றும். பள்ளி நேரத்தில் கூடாது. இரவு 7 மணியிலிருந்து காலை 8 மணி வரை கூடாது. ஓய்வு நீங்கலாக 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. பெரியவர் செய்யவேண்டிய வேலைக்கு மாற்றாள் ஆக்கக் கூடாது. உற்பத்தி, விநியோகம், விற்பனை என எந்தக் கட்டத்திலும் குழந்தைக்கோ குடும்பத்துக்கோ வருமானம் தரும் வேலையாக இருக்கக் கூடாது. கடைசி நிபந்தனை ஒன்றே பெரும்பாலான "ஒத்தாசை"யை வெளியே தள்ளிவிடும். ஆனால் இவற்றை எங்கே பார்ப்பது? 14 வயது கடந்தவரை வேலைக்கு வைக்கும் நிறுவனம் பெயர், பிறந்த தேதி, வேலை நேரம், இடைவேளை, வேலையின் தன்மை எல்லாம் எழுதிய பதிவேடு வைக்க வேண்டும். ஒத்தாசைக்கு வந்த பத்து வயதுக்காரன் எப்போது உட்கார்ந்தான், எப்போது எழுந்தான் என்று யாரும் எழுதவேண்டியதில்லை. தளர்வு வயதில் இல்லை, இந்த எழுதப்படாத தாளில் இருக்கிறது. அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலம் 2023-ல் செய்ததும் ஏறக்குறைய இதுதான். வயது வரம்பைத் தொடவில்லை. 16 வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைக்க வாங்கவேண்டியிருந்த அனுமதிச் சான்றை எடுத்துவிட்டது.

ஆகவே வேறு தாள்களைத் தேட வேண்டும். பீஸ் ரேட் நோட்டு முதலில், அதாவது எத்தனை உருப்படி முடித்தார்கள் என்று எண்ணிக் கூலி போடும் நோட்டு. வீட்டில் நூல் பிசிறு வெட்டும் வேலை என்றால் டஜன் கணக்கு தாயின் பெயரில் ஏறியிருக்கும். தாயை ஒரு டஜன் வெட்டச் சொல்லி நேரம் பார்த்து, நோட்டில் உள்ள எண்ணால் பெருக்கினால், நாளுக்கு எத்தனை கைகள் உழைத்தன என்று தெரியும். நோட்டில் கூலி ஏறியிருப்பதே வருமானம் தரும் வேலை என்பதற்கும் சாட்சி. பட்டறையில் பார்வை கீழே போக வேண்டும்: மெஷின் முன்னால் கவிழ்த்துப்போட்ட பெயிண்ட் டப்பா, அதன் மேல் மடித்த சாக்கு. உயரம் போதாத ஒருவர் அங்கே தினமும் நிற்கிறார். லீவுக்கு வந்தவனுக்கு யாரும் சாக்கு மடித்துப் போடுவதில்லை.

வயதிலும் சிக்கல் உண்டு. ஆதாரில் பிறந்த தேதி ஜனவரி 1 என்றிருந்தால், வருஷம் மட்டும் சொல்லிப் பதிந்ததோ என்று சந்தேகிக்க இடமுண்டு. பள்ளிச் சான்றும் பிறப்புச் சான்றும் கைக்கு வராதபோதுதான் எலும்பு முதிர்ச்சிப் பரிசோதனை. அதில் இரண்டு பக்கமும் இரண்டு வருஷம் பிசகலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 1982-லேயே ஏற்றுக்கொண்டது. எக்ஸ்ரே 15 என்றால் உண்மை 13 ஆகவும் இருக்கலாம், 17 ஆகவும் இருக்கலாம். இந்தச் சட்டத்தில் அந்த இடைவெளிக்குள்தான் எல்லாமே இருக்கிறது.

கைத்தொழில் சின்ன வயதிலேயே கையில் ஏறவேண்டும் என்ற வாதத்தை அப்படியே தள்ளிவிட முடியாது. தறியில் இழை முடிவது புத்தகத்தில் வராது. ஆனால் கற்றுக்கொள்கிற பிள்ளை பிழை செய்வான், நேரம் எடுப்பான், சரக்கு கெடும். ஆர்டர் அனுப்பவேண்டிய வாரத்தில் மட்டும் பிள்ளை தறியில் உட்கார்கிறான் என்றால் அது பாடம் அல்ல, ஆள் பற்றாக்குறை.

விதிகளிலேயே உருப்படியானது தலைமையாசிரியர் மேல் பொறுப்பைச் சுமத்துவதுதான்: தகவல் இல்லாமல் தொடர்ந்து 30 நாள் வராத மாணவனைப் பற்றிப் பொறுப்பு அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். இதில் ஓட்டை "தொடர்ந்து" என்ற சொல். வாரத்தில் ஒரு நாள் வந்து தலையைக் காட்டிவிட்டால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. அதனால் வருகைப் பதிவேட்டைக் கையில் வாங்கினால் நீண்ட இடைவெளியைத் தேடக்கூடாது. திங்கட்கிழமை மட்டும் வந்துபோகும் பெயர்களைத் தேட வேண்டும்.