பைத்தான் பாடம் தேடும் தம்பி தங்கைகளுக்கு

எஸ்.பி.எம். (மலேசியாவில் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் தேர்வு) எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். கோலாலம்பூரில் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் எனக்குத் தெரிந்த பலர் யூடியூப் பார்த்துத்தான் பைத்தான் என்ற கணினி நிரல்மொழியைக் கற்றுக்கொள்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் எந்தப் பாடத்தை நம்புவது?

முதலில், திரையில் எதையாவது காட்டச் சொல்லும் பிரிண்ட் (print) வரியைப் பாருங்கள். அடைப்புக்குறி இல்லாமல் எழுதியிருந்தால் அது பைத்தான் 2 என்ற பழைய பதிப்பு. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியே நின்றுவிட்டது. மூடிவிட்டு வேறு தேடுங்கள்.

அப்புறம், நம்மிடம் கேட்டுப் பதிலை வாங்கும் இன்புட் (input) கட்டளையைச் சொல்லித்தரும் இடம். நான் ரொம்பக் கவனிப்பது இதைத்தான். வயது கேட்டு நாம் 17 என்று தட்டினாலும், பைத்தான் அதை எண்ணாக எடுத்துக்கொள்ளாது. எழுத்துச் சரமாகத்தான், அதாவது வெறும் எழுத்துகளின் வரிசையாகத்தான் வைத்திருக்கும். அதோடு 1-ஐக் கூட்டினால் டைப்எரர் (TypeError), அதாவது வகை பொருந்தாத பிழை வரும். நல்ல ஆசிரியர் அந்தப் பிழையை வேண்டுமென்றே வரவழைப்பார். பிழைச் செய்தியின் கடைசி வரியை முதலில் படிக்கச் சொல்வார். பிறகுதான், சரத்தை எண்ணாக மாற்றும் இன்ட் (int) போட்டுச் சரிசெய்து காட்டுவார். பலர் ஆரம்பத்திலேயே இன்ட் போட்டுவிட்டு, ஏன் என்று சொல்லாமலே அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். எனக்குக் கோபமே வருகிறது. பிள்ளை தனியாக உட்கார்ந்து எழுதும்போது முழி பிதுங்கி, 'இது நமக்கு வராது' என்று விட்டுவிடுகிறது.

எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பைத்தானின் அதிகாரபூர்வ தளத்திலேயே இலவசப் பாடம் இருக்கிறது. சந்தேகம் வந்தால் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தமிழில் இப்படிப் பிழையைக் காட்டிச் சொல்லித்தரும் பாடம் தெரிந்தால் இணைப்பைப் போடுங்கள்.