சனி நீராட ஒரு கை

எங்கள் கட்டட லிஃப்ட்டில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள். "எண்ணெய் தேய்த்துக்கொண்டு சவுனாவுக்குள் வர வேண்டாம். பலகையில் கறை பிடிக்கிறது, சூட்டில் வாடை எழுகிறது." (சவுனா என்றால் பலகையில் உட்கார்ந்து சூட்டில் வேர்க்கிற குளியல் அறை.) யார் பெயரும் போடவில்லை. ஆனால் அந்த எட்டு மாடியில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற வீடு ஒன்றே ஒன்றுதான். தரைத்தளம் வருவதற்குள் எனக்கு முகம் சுட்டுவிட்டது.

பின்லாந்துக்கு வந்து அப்போது மூன்று மாதம். தம்பெரே நகரத்தில் ஹெர்வந்தா பகுதி. வாடகை வீட்டுக்காரர்களுக்கு அடித்தளத்தில் பொதுச் சவுனா ஒன்று உண்டு. வாரம் ஒரு மணி நேரம் நமக்கு முறை. எங்களுக்குக் கிடைத்தது சனிக்கிழமை மாலை 5 மணி. சனிக்கிழமை, வெந்நீர், உடம்பெல்லாம் வேர்க்கிற சூடு, கதவைத் தட்ட ஆளில்லை. கோவில்பட்டியில் வளர்ந்தவனுக்கு வேறென்ன தோன்றும்? ஊரிலிருந்து பெட்டியில் வந்த செக்கு நல்லெண்ணெயில் நாலு மிளகும் கொஞ்சம் சீரகமும் போட்டுக் காய்ச்சி, உச்சி முதல் உள்ளங்கால் வரை பூசிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். (இங்கே சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கிற எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் எடுத்தது. தலையில் வைத்தால் நூடுல்ஸ் மணக்கும்.)

எனக்கு அடுத்த முறை ஒரு பெரியவருடையது. எழுபது தாண்டியவர். காகிதம் ஒட்டிய மறுவாரம் வாசலில் நிறுத்தி அவரே பேசினார். முதலில் ஷவரில் உடம்பைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், பலகையில் ஒரு சின்னத் துணி விரித்து அதன்மேல் உட்கார வேண்டும், மரம் எண்ணெயைக் குடித்தால் விடாது என்று பொறுமையாகச் சொன்னார். அவருடைய அம்மா பிறந்ததே கிராமத்துச் சவுனாவுக்குள்தானாம். அந்தக் காலத்தில் வீட்டிலேயே சுத்தமான, வெந்நீர் உள்ள இடம் அதுதான். இறந்தவர்களைக் கழுவிக் கிடத்தியதும் அங்கேதான். கோயிலில் இருப்பதுபோல உள்ளே இருக்க வேண்டும் என்று இவர்களிடம் ஒரு சொலவடை உண்டு. அதைக் கேட்டபிறகு அந்தக் காகிதத்தின் மேல் இருந்த கோபம் போய்விட்டது. நம் வீட்டுப் பூஜை அறைக்குள் ஒருவர் செருப்போடு வந்திருந்தால் நாமும் எழுதித்தானே ஒட்டியிருப்போம்.

அப்புறம் மொழி வகுப்பில் ஒருநாள் கிழமைகள் நடந்தன. சனிக்கிழமைக்கு ஃபின்னிஷில் 'லௌவன்தாய்'. ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியில் 'குளிக்கிற நாள்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது என்றார் ஆசிரியை. நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். 'சனி நீராடு' என்று ஔவை சொன்னதை ஒன்றாம் வகுப்பில் பெஞ்சில் தாளம் போட்டுக் கத்தியவர்கள் நாம். பனி உறைகிற இந்த ஊரிலும் சனிக்கிழமை என்றால் குளியல்தான். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் யாரிடமாவது இதைச் சொல்ல வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது ஆறு வருஷமாகிறது. நன்றாகவே பழகிவிட்டது. சுமார் 55 லட்சம் பேர் இருக்கிற நாட்டில் 30 லட்சத்துக்கு மேல் சவுனாக்கள். 2020இல் யுனெஸ்கோ இந்த வழக்கத்தை மரபுப் பட்டியலில் சேர்த்தது. இதே தம்பெரேயில் பிஸ்பாலா மேட்டில் 1906 முதல் ஓடுகிற ராயபோர்த்தி பொதுச் சவுனாவுக்கும் போயிருக்கிறேன். கல்லடுப்பில் அகப்பையால் தண்ணீர் ஊற்றினால் 'லோய்லு' என்கிற ஆவி புசுபுசுவென்று வந்து காதைச் சுடும். குளிர்காலத்தில் வெடித்துக் கிடக்கிற தோலுக்கு அது சுகம். கோடையில் இளம் பூர்ச்ச (பிர்ச்) மரக்கிளைகளை இலையோடு கட்டி, 'விஹ்தா' என்று, ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொள்வார்கள். வேப்பங்குழை அடிக்கிற மாதிரி இருக்கும்.

அந்தத் தட்டலில்தான் எனக்கு ஆச்சி வந்துவிடுகிறாள். வீட்டில் பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி. எங்களுக்குப் புதன், சனி. கொல்லையில் துவைகல்லில் உட்கார வைத்து, இரும்புக் கரண்டியில் காய்ந்த எண்ணெயை உச்சியில் விட்டு உள்ளங்கையால் தப்தப்பென்று அடிப்பாள். அந்தக் கை வயல் வேலை பார்த்த கை. சொரசொரவென்று இருக்கும். காது மடலைத் திருகி, கழுத்து நரம்பைப் பிடித்து, விரல் ஒவ்வொன்றையும் சொடக்கெடுத்து, "ஐயா, கண்ண மூடிக்கோ" என்பாள். அடுத்து வடிகஞ்சியில் கரைத்த சீயக்காய். மூடினாலும் எரியும். மத்தியானம் மிளகு ரசம், பருப்புத் துவையல். "எண்ண தேச்ச அன்னைக்குப் பகல்ல தூங்கக் கூடாது" என்று வாசலில் காவல் இருப்பாள்.

எண்ணெய் ஊரிலிருந்து வருகிறது. சீயக்காய்ப் பொடி வருகிறது. சூட்டுக்குக் குறைவே இல்லை. சாம்பிராணி மட்டும் ஒருதரம் போட்டதில் கூரையில் இருந்த புகை அலாரம் அலறி, மனைவி துண்டால் விசிறி அடக்கினாள். அதையும் விட்டுவிடலாம். இன்னொருவர் கை இல்லாததுதான் தாங்கவில்லை. நம் உச்சியை நாமே எவ்வளவு தேய்த்தாலும் அது எண்ணெய் பூசிக்கொள்வதுதான், எண்ணெய் தேய்த்துவிடுவது ஆகாது. பழைய பொதுச் சவுனாக்களில் முதுகு தேய்த்துக் கழுவிவிடவே பெண்கள் இருந்தார்களாம். பெரியவர் சொன்னபோது அவர் கையும் தன்னை அறியாமல் தோளுக்குப் போனது.

போன சனிக்கிழமை ஆறு வயது மகனுக்கு வீட்டுக் குளியலறையில் தேய்த்துவிட்டேன். முடிந்ததும் அவன் எழுந்து எனக்குப் பின்னால் வந்து நின்றான். "இப்ப என் டர்ன்" என்று கிண்ணத்தை அப்படியே உச்சியில் கவிழ்த்தான். ஒரு காசளவு கை. தட்டினால் சத்தம்கூட வரவில்லை. எண்ணெய் நெற்றி வழியாகக் கண்ணில் இறங்கியது.

"கண்ண மூடிக்கோப்பா" என்றான்.