காசு கொடுத்தது யார், லீவு கொடுத்தது யார்: பழைய ஒலிம்பிக் வீரர்களைத் தேடிய அனுபவம்

2024இல் பாரிஸ் ஒலிம்பிக் தொடங்கும் முன்பே எங்கள் பள்ளியில் ஒரு கண்காட்சி வைப்பது என்று முடிவாகிவிட்டது. நூறு வருஷத்துக்கு முன்னால், 1924இல், அதே பாரிசில் நடந்த ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகக் களமிறங்கியவர்கள் யார், என்ன செய்தார்கள் என்று பிள்ளைகளுக்குப் புரியும்படி எழுதி வராந்தாவில் மாட்ட வேண்டும். உடற்கல்வி ஆசிரியர் என்பதால் வேலை என்னிடம் வந்தது. ஆசையோடுதான் வாங்கிக்கொண்டேன். நான் படித்தது நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில். 1920இல் அதைத் தொடங்கிய ஹாரி குரோ பக், 1924 அணியோடு பாரிசுக்குப் போனவர். படிக்கும் காலத்தில் இந்த ஒரு வரியை அடிக்கடி கேட்டிருக்கிறேன். அந்த அணியில் யார் இருந்தார்கள் என்று யாரும் சொன்னதில்லை.

இந்தத் தேடலை எப்படிச் செய்தேன் என்று எழுதி வைக்கிறேன். வேறு பள்ளியில் யாராவது செய்ய நினைத்தால் கொஞ்சம் அலைச்சல் குறையும்.

முதலில் ஒலிம்பீடியா என்ற இணையதளம். ஆண்டையும் நாட்டையும் தேர்ந்தெடுத்தால் யார் எந்தப் போட்டியில் கலந்துகொண்டார், எத்தனையாவது வந்தார் என்ற பட்டியல் கிடைக்கிறது. 1924இல் இந்தியா போனது தடகளத்துக்கும் டென்னிசுக்கும். நீளம் தாண்டுதலில் தலீப் சிங். 110 மீட்டர் தடை ஓட்டத்தில் கண்ணூர்க்காரர் சி.கே. லட்சுமணன். மராத்தானில் மகாதேவ் சிங், 29ஆவது இடம். டென்னிசில் சிட்னி ஜேக்கப் காலிறுதி வரை போய், பிரான்சின் ஜான் பொரோத்ராவிடம் ஐந்து செட் போராடித் தோற்றிருக்கிறார். நோரா பாலி என்ற பெண்மணியும் இந்தியா சார்பில் ஆடியிருக்கிறார். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டபோது வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டது என்றுதான் தோன்றியது.

அந்தக் குறிப்பை முதலில் படிக்கக் கொடுத்தது எங்கள் பள்ளியில் குண்டு எறியும் ஒரு பத்தாம் வகுப்பு மாணவியிடம். வருவாய் மாவட்ட அளவில் ஜெயித்து மாநிலப் போட்டி வரை போனவள். முழுதும் படித்துவிட்டு, “இவங்களுக்கெல்லாம் யாரு சார் காசு குடுத்தா?” என்று கேட்டாள். அவளுக்கு அது சாதாரணக் கேள்வி இல்லை. குறுவட்டப் போட்டிக்குப் பக்கத்து ஊருக்குப் போவதற்கே பஸ் காசு யார் தருவது, வீட்டில் விடுவார்களா, வேலை கெடுமே என்று தாண்டி வருகிற பிள்ளைகள் எங்களுடையவர்கள். பம்பாயிலிருந்து கப்பலேறி ஐரோப்பா போய்த் திரும்ப மாதக்கணக்காகும். அத்தனை நாள் இவர்கள் வீட்டில் எப்படிச் சாப்பிட்டார்கள்? பட்டியலில் அதற்குப் பதில் இல்லை. அங்கிருந்துதான் என் தேடல் உண்மையில் ஆரம்பித்தது.

இந்தக் கேள்வி அந்தக் காலத்துக்கு இன்னும் அதிகமாகவே பொருந்தும். அன்றைய ஒலிம்பிக் முழுக்க அமெச்சூர் விதிக்குக் கட்டுப்பட்டது. விளையாட்டில் ஒரு பைசா சம்பாதித்திருக்கக் கூடாது. போட்டிக்காக வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளத்தை யாராவது ஈடு கட்டினால் அதுவும் குற்றம் என்று 1925இல் பிராகில் கூடிய ஒலிம்பிக் மாநாடு அழுத்தமாகச் சொன்னது. ஒன்பது தங்கம் வாங்கிய பின்லாந்தின் பாவோ நூர்மியையே, பயணச் செலவு என்ற பெயரில் பணம் வாங்கினார் என்று 1932 லாஸ் ஏஞ்சலஸ் போட்டிக்கு முன் தடை செய்தார்கள். கேட்க நேர்மையான விதி போலத்தான் இருக்கும். ஆனால் சொத்து இருப்பவருக்கும் சம்பளத்தோடு லீவு கிடைப்பவருக்கும் மட்டுமே அது வழி விட்டது. கூலிக்குப் போகிறவரை வெளியே நிறுத்தியது. இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

அடுத்து அதிகாரபூர்வ ஒலிம்பிக் அறிக்கைகள். அமெரிக்காவின் எல்.ஏ.84 அறக்கட்டளை இவற்றை ஸ்கேன் செய்து தன் மின்நூலகத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. 1924 பாரிஸ் அறிக்கை தலையணை கனம், முழுக்கப் பிரெஞ்சு. எனக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் முடிவுப் பட்டியல்களுக்கு அது பெரிய தடையில்லை. சுற்று எண், பெயர், நாடு, நேரம் என்ற வரிசை பழகிவிட்டால் போதும். பத்தி பத்தியாக வரும் இடங்களுக்கு மட்டும் செல்போன் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டேன். தேடு பெட்டியில் பெயரைப் போட்டுப் பார்ப்பதை நம்பவே வேண்டாம், பழைய அச்சு கணினிக்குச் சரியாகப் பிடிபடுவதில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டுவதுதான் வழி. இன்னொன்று: பெயர் கொடுத்தவர்கள், களத்துக்கு வந்தவர்கள், முடித்தவர்கள் மூவரும் வேறு வேறு. பெயர் கொடுத்தவர் பட்டியலைப் பார்த்துவிட்டு ‘ஓடினார்’ என்று எழுதிவிடக் கூடாது.

1920 ஆன்ட்வெர்ப் போட்டிக்கு அந்த மாதிரிப் பெரிய புத்தகமே இல்லை. முதல் உலகப் போரில் நொறுங்கிய பெல்ஜியம் கையில் காசில்லாமல் நடத்திய ஒலிம்பிக் அது. நமக்குக் கிடைப்பது பின்னாளில் தொகுத்த ஒரு தட்டச்சுப் பிரதி. ஆனால் 1924ஐப் புரிந்துகொள்ள 1920க்குப் போயே ஆக வேண்டும். இந்தியா அணி என்று ஒன்றை அனுப்பியது அப்போதுதான். நான்கு ஓட்டக்காரர்கள், இரண்டு மல்யுத்த வீரர்கள்.

அதில் பெல்காமைச் சேர்ந்த பதேப்பா தாரேப்பா சௌகுலே என்னை நாள்கணக்கில் பிடித்து வைத்துக்கொண்டார். 1920 ஆகஸ்ட் 22, மராத்தான், 19ஆவது இடம், 2 மணி 50 நிமிடம் 45 விநாடி. படித்தவுடன் ‘பரவாயில்லை’ என்று கடந்து போகத் தோன்றும். ஆனால் அந்த மராத்தானின் தூரம் இன்றைய 42.195 கிலோமீட்டர் இல்லை. 42.75 கிலோமீட்டர், ஒலிம்பிக் வரலாற்றிலேயே நீளமான மராத்தான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோமீட்டருக்கு நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. எங்கள் மைதானம் 200 மீட்டர் சுற்று. அதாவது ஒரு சுற்றுக்கு 48 விநாடி, கிட்டத்தட்ட 214 சுற்று.

மறுநாள் காலை பயிற்சியில் ஸ்டாப்வாட்சைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளை அந்த வேகத்தில் ஓடச் சொன்னேன். முதல் சுற்று முடித்ததும் “ஈசி சார்” என்றார்கள். ஐந்தாவது சுற்றில் பேச்சு நின்றுவிட்டது. எங்கள் 3000 மீட்டர் ஓட்டக்காரன் ஒருவன் மட்டும் பதினைந்து சுற்று வரை 48ஐ விடாமல் பிடித்துவிட்டு, இடுப்பில் கை வைத்து நின்று, “இன்னும் எத்தனை சார்?” என்றான். 199 என்றேன். சௌகுலே யார் என்று அதற்குமேல் அவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

சௌகுலேயின் செலவுக் கதைக்குச் சான்று தொழிலதிபர் டோராப்ஜி டாடாவின் கடிதம். 1929இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டித் தலைவர் பாயே லாத்தூருக்கு அவர் எழுதியது. புனேயில் டெக்கான் ஜிம்கானா என்ற விளையாட்டுச் சங்கத்தின் விழாவில் கிராமத்து விவசாயிகள் வெறுங்காலோடு ஓடுவதைப் பார்த்ததும், சரியான பயிற்சி கொடுத்தால் இவர்களை ஐரோப்பாவுக்கு அனுப்பலாமே என்று தோன்றியதும், மூன்று ஓட்டக்காரர்களின் செலவைத் தானே ஏற்றதும் அதில் இருக்கிறது. அந்த அணியின் மல்யுத்த வீரர் ரந்தீர் ஷிண்டே வெண்கலத்துக்கான மோதலில் பிரிட்டன் வீரரிடம் தோற்று நான்காவது ஆனார். 1952இல் கே.டி. ஜாதவ் மல்யுத்தத்தில் வெண்கலம் வாங்கியதை எல்லாரும் சொல்கிறோம். ஷிண்டே பெயரை ஒருவரும் சொல்வதில்லை.

பெயர்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சௌகுலே ஓரிடத்தில் சௌக்லே. அதே 1920 அணியில் ஓடிய வங்காளத்து பூர்ணா பானர்ஜி பல இடங்களில் பூர்மா பானர்ஜி. ஒரே எழுத்துக்கூட்டலை வைத்துத் தேடினால் பாதி ஆள் தொலைந்து போவார். ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் எல்லா எழுத்துக்கூட்டல்களையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதுதான் வழி.

நாளிதழ்களுக்காக சென்னையில் ஒரு நூலகத்துக்குப் போனேன். 1924 தொகுப்பு நைந்துவிட்டது, தர முடியாது என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் சிங்கப்பூர் தேசிய நூலகமும் ஆஸ்திரேலிய தேசிய நூலகமும் பழைய நாளிதழ்களை ஸ்கேன் செய்து யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே படிக்கும்படி வைத்திருக்கின்றன. பிரான்சின் தேசிய நூலகம் ‘காலிக்கா’ என்ற பெயரில் அதே வேலையைச் செய்திருக்கிறது. நம் ஊர்ச் செய்தியை சிங்கப்பூர் வழியாகப் படிக்க வேண்டியிருப்பது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. கிடைத்ததே என்ற நன்றியும் இருந்தது.

1924க்கு வந்தால், தேர்வு ஒழுங்காகவே நடந்திருக்கிறது. மாகாணங்களில் போட்டி வைத்து, பிப்ரவரியில் டெல்லியில் அகில இந்தியப் போட்டி வைத்துப் பொறுக்கியிருக்கிறார்கள். ஒய்.எம்.சி.ஏ.வின் நோரன் அதன் பின்னால் ஓடியாடியவர். ‘யார் காசு, யார் லீவு’ என்ற கேள்வியோடு டென்னிஸ் அணியைப் பார்த்தபோது படம் இன்னும் தெளிவானது. சிட்னி ஜேக்கப் ஐ.சி.எஸ்., அதாவது பிரிட்டிஷ் ஆட்சியின் உயர் நிர்வாகப் பணியில் அதிகாரி. முகமது சலீம் லாகூர் பாரிஸ்டர். ஹைதராபாத்தின் எஸ்.எம். ஹாதி கேம்பிரிட்ஜில் படித்தவர். இந்த ஹாதிதான் பத்து வருஷம் கழித்து, ரஞ்சிக் கோப்பையின் முதல் பருவத்தில், சென்னை அணிக்கு எதிராக அந்தப் போட்டி வரலாற்றின் முதல் சதத்தை அடித்தார். கண்காட்சியில் எங்கள் கிரிக்கெட் பைத்தியங்கள் எல்லாம் அவர் தாளின் முன் நின்றதற்கு அதுதான் காரணம். தடகளத்தின் லட்சுமணன் பின்னாளில் டாக்டராக, இந்திய அரசின் சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநர் பதவி வரை உயர்ந்தார்.

கண்காட்சி 1924ஓடு நிற்க வேண்டியது. நான்தான் 1928 ஹாக்கி அணியையும் சேர்த்தேன், காரணம் ஜெய்பால் சிங். இன்றைய ஜார்க்கண்டின் முண்டா பழங்குடிக் குடும்பத்தில் பிறந்து ஆக்ஸ்போர்டில் படித்தவர், ஐ.சி.எஸ். பயிற்சியில் இருந்தவர். ஆம்ஸ்டர்டாமில் இந்திய அணிக்குத் தலைமை தாங்க அழைப்பு வந்தது. லீவு கேட்டார், கிடைக்கவில்லை. கிடைக்காமலேயே போனார். திரும்பி வந்ததும் பயிற்சியை இன்னொரு வருஷம் நீட்டிக்கச் சொன்னார்கள். ஐ.சி.எஸ்.ஸே வேண்டாம் என்று விட்டுவிட்டார். அன்றைக்கு அந்த வேலை என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குச் சொல்ல, கலெக்டர் வேலை என்று எழுதினேன். பிற்பாடு அரசியல் நிர்ணய சபையில் பழங்குடி மக்களுக்காகப் பேசியதும் இதே ஜெய்பால் சிங்தான்.

அதே அணி 1928 மார்ச்சில் பம்பாயில் கப்பலேறியபோது வழியனுப்ப வந்தது மூன்றே பேர். அதற்கு முன் பணம் போதாமல் இரண்டு ஆட்டக்காரர்களை விட்டுவிட்டுப் போகிற நிலை. வங்காள ஹாக்கிக்காரர்கள் கை கொடுத்ததால்தான் அவர்களும் ஏறினார்கள். ஆம்ஸ்டர்டாமில் ஐந்து ஆட்டம், 29 கோல், எதிரணிகளுக்கு ஒன்றுகூட இல்லை. மே 26 இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்தை 3-0 என்று வென்றார்கள். அதில் ஜெய்பால் சிங் ஆடவில்லை. 14 கோல் அடித்த தியான் சந்த் ராணுவச் சிப்பாய். அப்படிப்பட்டவருக்கே 1932 தேர்வுக்கான மாகாணப் போட்டிக்கு அவருடைய படைப்பிரிவு லீவு தரவில்லை. தேர்வில் ஆடாமலேயே அணியில் சேர்த்துக்கொண்டார்கள்.

கடைசியில் ஒவ்வொரு வீரருக்கும் ஒரு ஏ-3 தாள். மேலே பெயர், நடுவில் போட்டியும் முடிவும், கீழே ‘என்ன வேலை பார்த்தார், யார் அனுப்பினார்’ என்று ஒரு வரி. அந்த வரி தேவையா என்று தலைமை ஆசிரியர் முதலில் கேட்டார். சௌகுலே தாளையும் ஜெய்பால் சிங் தாளையும் காட்டிய பிறகு, அந்த வரியின் எழுத்தை இன்னும் பெரிதாக்கச் சொன்னவரும் அவரேதான். அச்சுச் செலவைப் பெற்றோர் ஆசிரியர் கழகம் ஏற்றுக்கொண்டது.

இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு: 1928 ஹாக்கியிலிருந்து தொடங்குங்கள், தகவல் நிறையக் கிடைக்கும், பிள்ளைகளுக்கும் தியான் சந்த் தெரியும். அங்கிருந்து பின்னோக்கி 1924, 1920 என்று போங்கள். ஒரே ஒரு இடத்தில் பார்த்த எண்ணைத் தாளில் ஏற்றாதீர்கள், இரண்டு இடத்தில் ஒத்துப்போனால் மட்டும் எழுதுங்கள். மராத்தான் நேரம் எதைக் கண்டாலும் உங்கள் மைதானத்தின் சுற்றுக்கு மாற்றிப் பாருங்கள், பிறகு பிள்ளைகளை ஓடவிடுங்கள்.